சொன்னால் கேட்கும் கருவி: குரல், கட்டளை, பாதுகாப்பு பற்றிச் சில குறிப்புகள்

வெளியூர்க்காரர்களுக்குக் குரங்கணி என்றால் 2018 மார்ச் மாதக் காட்டுத்தீ. மலையேற வந்த 23 பேரைக் காவுகொண்ட இடம் என்ற அளவில்தான் அது செய்தித்தாளில் இருக்கிறது. நான் சொல்லவருவது வேறு குரங்கணி. விடியக்காலையில் அங்கிருந்து போடிக்கு இறங்கி, போடியில் ஜீப் மாறி, போடிமெட்டு வழியாக எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிற பெண்களின் குரங்கணி.

சென்ற ஆண்டு காய் எடுப்புக் காலத்தில் ஒருநாள் அப்படியொரு ஜீப்பில் நானும் ஒட்டிக்கொண்டேன். பூப்பாறையில் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னால் நெருக்கியடித்துப் பெண்கள், முன்னால் டிரைவரும் கங்காணியும். (கங்காணி முறை வெள்ளைக்காரனோடு போய்விட்டது என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்தவர்கள் ஒருதரம் இந்த ஜீப்பில் ஏறிப் பார்க்கலாம்.) எனக்கு எதிரே ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர். எழுத்து தெரியாது. மகன் வாங்கிக்கொடுத்த ஸ்மார்ட்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எழுதத்தான தெரியாது, பேசத் தெரியும்ல" என்று சிரித்தார். முதலில் ஒரு பாட்டுப் போடச் சொன்னார். போட்டது. இன்னைக்கு மழை வருமா என்றார். சொன்னது. பக்கத்திலிருந்த ஒருத்தி விலாவில் இடித்து ஏதோ காதில் சொல்ல, "ஏலத்தோட்டத்துக்குக் கவருமெண்டு கூலி எம்புட்டு?" என்று கேட்டார்.

போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு பெண்குரலில், செய்தி வாசிப்பவரின் தமிழில், ஜீப் முழுக்கக் கேட்கும்படி ஒரு தொகையைச் சொன்னது. அது சரியான தொகையா, பழைய தொகையா என்பது வேறு விஷயம். அந்த ஜீப்பில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டிருந்ததைவிட அது அதிகம். சிரிப்பு நின்றுவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னாக்கா, போனுகிட்ட நாயம் கேக்குறியா?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அந்த அக்காவுக்கு ஜீப்பில் இடம் இல்லை.

*

இந்தச் சம்பவம் மனசில் கிடக்கும்போதுதான் ஒரு நாளிதழ் இணைப்பில் 'உங்கள் போன் உங்களை ஒட்டுக்கேட்கிறதா?' வகைக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். இந்த வகை எழுத்துக்கு இப்போது தனி இலக்கணமே உருவாகிவிட்டது. முதலில் பயமுறுத்துதல். பிறகு வெளிநாட்டு ஆய்வு ஒன்று. பிறகு அமைப்புகளுக்குள் போய் இன்னதை அணையுங்கள், இன்னதை மாற்றுங்கள் என்று ஐந்து யோசனை. கடைசியில் 'விழிப்புணர்வே பாதுகாப்பு'. இதில் தகவல் பிழை அதிகம் இருக்காது. பிழை 'உங்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. யார் இந்த 'நீங்கள்'? தனி அறை உள்ளவர். தனிப் போன் உள்ளவர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அமைப்புப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர். குரலை அணைத்துவிட்டு விரலால் எழுதிக்கொள்ள முடிந்தவர். அதாவது குரல் கட்டளை இல்லாமலும் பிழைத்துக்கொள்ளக் கூடியவர். அவருக்கு அது சொகுசு, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். ஜீப்பில் இருந்த அக்காவுக்கு அந்தக் கருவிக்குள் நுழைய இருக்கிற ஒரே வாசல் அதுதான். அணைத்துவிடு என்று அவரிடம் சொல்வது, 'பேசாமல் இரு' என்று சொல்வதன் நாகரிகமான வடிவம். இந்த யோசனை ஏற்கெனவே அவருக்குப் பல பேரால் பல தலைமுறையாகச் சொல்லப்பட்டதுதான்.

ஆகவே குரல் கட்டளையின் ஆபத்து என்ன என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய ஆபத்து என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தக் கருவியைப் பற்றிப் பேச ஒரு சொல் தயாராக இருக்கிறது: கேள். காதால் கேட்பதும் கேட்பதுதான், வினவுவதும் கேட்பதுதான், யாசிப்பதும் கேட்பதுதான், கீழ்ப்படிவதும் கேட்பதுதான். 'சொன்ன பேச்சைக் கேக்காத புள்ள' என்கிறோமே, அந்தக் கேட்பது. போடியில் இன்னொன்றும் உண்டு: ஏலம் கேட்பது. 'சொன்னால் கேட்கும் போன்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் கீழ்ப்படிதல் என்ற ஒரு பொருளை மட்டும் நம்மிடம் விற்கிறார்கள். மற்றப் பொருள்களெல்லாம் பெட்டிக்குள் சேர்ந்தே வருகின்றன.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் கூப்பிடுவதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது, விளிமரபு. எந்தப் பெயர் விளிக்கும்போது எப்படித் திரியும், பக்கத்தில் இருப்பவரை அழைத்தால் எப்படி, தூரத்தில் இருப்பவரை அழைத்தால் ஓசை எப்படித் தன் அளவைத் தாண்டி நீளும் என்பதையெல்லாம் அது பேசுகிறது. மலைச்சரிவில் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குக் கூப்பிடுகிறவர்களைக் கேட்டவர்களுக்கு அந்தச் சூத்திரங்களுக்கு உரை தேவையில்லை. போனுக்கும் ஒரு விளி உண்டு. 'ஓகே கூகுள்', 'ஹே சிரி'. ஆனால் இந்த விளியில் நீட்டலுக்கு இடமில்லை, உறவுக்கும் இடமில்லை. அண்ணே, ஆத்தா, ஏலே என்று எதுவும் சேராது. கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் கம்பெனியின் பெயரையோ அது சூட்டிய பெயரையோ ஓதித்தான் கூப்பிட வேண்டும். வேலைக்காரனை ஏவுகிற நினைப்பில் முதலாளியின் நாமத்தை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அல்தூசர் 1970-இல் எழுதிய கட்டுரையில் தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் 'ஏய், நீதாம்ப்பா' என்று கூப்பிடும் காட்சி வருகிறது. கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்க்கிறானே, அந்தத் திரும்பலில்தான் அவன் தன்னிலையாகிறான் என்பது அவர் வாதம். இங்கே கூப்பிடுவது நாம், திரும்புவது கருவி என்று தோன்றுகிறது. தோற்றம்தான். கருவி நம் குரலை அடையாளம் காண வேண்டுமானால் முதலில் நாம் அது சொல்லும் வாசகத்தை அது சொல்லும் விதத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் திரும்பிப் பார்த்தவர் யார்?

*

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். விளிச்சொல்லுக்காகப் போனின் மைக் விழித்துக்கொண்டே இருக்கிறது. காதில் விழும் ஒலியைச் சில நொடி அளவுக்கு வைத்து, விளிச்சொல்லோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறது. ஒத்துப்போனதாக அதற்குத் தோன்றினால் அதன்பின் வருகிற பேச்சு கட்டளையாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலும் எங்கோ உள்ள சர்வருக்கும் போகிறது. இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, கருவி விளிக்காத விளிக்கும் விழித்துக்கொள்ளும். இரண்டு, விளித்தது யார் என்பது அதற்குச் சரியாகத் தெரியாது.

இரண்டாவதைப் பற்றித்தான் ஆய்வாளர்கள் விதவிதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2016-இல் அமெரிக்காவில் பெர்க்லி, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள், மனிதர் காதுக்கு வெறும் கரகரப்பாகவும் போனின் காதுக்குத் தெளிவான கட்டளையாகவும் படுகிற ஒலிகளைத் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தினர் அந்தக் கரகரப்பும் தேவையில்லை என்று காட்டினார்கள். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியில் கட்டளையை ஏற்றி அனுப்பினால், மைக்கின் உள்ளமைப்பில் இருக்கிற ஒரு கோணலால் அது பழையபடி பேச்சாக இறங்கிவிடுகிறது. அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கேட்காது, போன் மட்டும் எண்ணைச் சுழற்றும். டால்ஃபின் தாக்குதல் என்று பெயர் வைத்தார்கள். 2019-இல் ஜப்பான், மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒலியையே விட்டுவிட்டார்கள். லேசர் ஒளியின் பிரகாசத்தைப் பேச்சின் அலைக்கேற்ப ஏற்றி இறக்கி மைக்கின் மேல் பாய்ச்சினால், அந்தச் சின்னச் சவ்வு அதைக் குரலாகவே எடுத்துக்கொள்கிறது. வீட்டு ஒலிபெருக்கி ஒன்றை 110 மீட்டர் தூரத்திலிருந்து இப்படி ஏவிக் காட்டினார்கள். போன்களுக்கு அந்தத் தூரம் குறைவு.

இதெல்லாம் சோதனைக்கூடத்து வித்தை என்று தள்ளலாம், பெரும்பாலும் அது நியாயமும்கூட. சோதனைக்கூடம் இல்லாமலே நடந்தது ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் பர்கர் கிங் ஒரு பதினைந்து நொடி டெலிவிஷன் விளம்பரம் செய்தது. கடைப்பையன் காமிராவைப் பார்த்துக் குனிந்து, 'ஓகே கூகுள்' என்று விளித்து, எங்கள் பர்கர் என்றால் என்ன என்று கேட்பான். வீடுகளில் இருந்த கருவிகள் டெலிவிஷனுக்குக் கீழ்ப்படிந்து விக்கிப்பீடியாவிலிருந்து பர்கர் புராணம் வாசித்தன. குசும்பர்கள் சிலர் விக்கிப்பீடியாப் பக்கத்தைத் திருத்தி அதில் கண்டதையும் சேர்த்துவிட்டார்கள். சில மணிநேரத்தில் கூகுள் அந்த விளம்பரத்தின் குரலுக்குத் தன் கருவிகளைச் செவிடாக்கியது. யாருடைய வீடு, யாருடைய கருவி, யாருடைய கட்டளை என்று கேட்டால் மூன்றுக்கும் மூன்று பதில் வருகிறது.

தெரிதாவின் எழுத்தியல் பற்றிய நூல் 1967-இல் வந்தது. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். பேச்சு என்றால் பேசுகிறவர் அங்கே இருக்கிறார், எழுத்து என்றால் அவர் இல்லை, ஆகவே பேச்சே உண்மை என்று மேற்குத் தத்துவம் நம்பிவந்ததை அவர் கேள்விக்குள்ளாக்கினார் என்றோம். 'இதனால் போடியில் யாருக்கு என்னய்யா பிரயோஜனம்' என்று அன்றைக்கு ஒரு தோழர் கேட்டார். பதில் சொல்ல முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. பேசுகிறவர் இல்லாமலே பேச்சு வேலைசெய்யும், குரல் என்பது இருப்புக்குச் சாட்சி அல்ல, அதுவும் ஒருவகை எழுத்து, நகலெடுக்கலாம் என்பதை இப்போது ஒரு போன் நிரூபித்துவிடுகிறது. குரலை வைத்தே பூட்டைத் திறக்கலாம் என்று ஒரு வசதியைத் தந்த கூகுளே, அதே மாதிரிக் குரலோ பதிவுசெய்த குரலோ திறந்துவிடலாம் என்று கூடவே எச்சரித்தது. பின்னாளில் அந்த வசதியைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டது.

இதை வேறொரு விதத்தில் போடிக்காரர்கள் அறிவார்கள். ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது 1989-இல் போடிநாயக்கனூர்த் தொகுதியிலிருந்து. அந்தக் குரலை மேடையில் நேராகக் கேட்டவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர் 2016 டிசம்பரில் இறந்தார். 2024 பிப்ரவரி 24, அவர் பிறந்தநாளன்று, அவர் குரலை இயந்திரத்தில் செய்து, எடப்பாடி பழனிசாமிக்குக் கைகொடுக்கச் சொல்லிக் கட்சி ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. போடித் தொகுதியின் அன்றைய உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வத்தை அதே கட்சி 2022-இல் வெளியேற்றியிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2024 ஜனவரியில், இறந்துபோன கருணாநிதியும் இதேபோல ஒரு புத்தக வெளியீட்டில் திரையில் தோன்றிப் பேசினார். செத்தவர் குரலே உயிரோடிருப்பவர்களுக்கு உத்தரவிடும்போது போனைப் போய்க் குற்றம் சொல்வானேன் என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம்: அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்களில் நிறையப் பேர் சிரித்தார்கள். போனுக்குச் சிரிக்கத் தெரியாது.

*

முதல் ஓட்டையைப் பற்றி, அதாவது கூப்பிடாமலே விழித்துக்கொள்வது பற்றி, நம் தோழர்களுக்குப் பயம் அதிகம். 2019 ஜூலையில் பெல்ஜியம் ஒலிபரப்பு நிறுவனமான விஆர்டி, கூகுள் உதவியாளர் பதிவுசெய்தவை ஆயிரத்துக்கு மேல் கையில் கிடைத்துக் கேட்டுப் பார்த்தது. அவற்றில் 153 யாரும் விளிக்காமலே பதிவானவை. படுக்கையறைப் பேச்சு, சண்டை, தொழில்பேச்சு. அவற்றைக் கூலிக்கு ஆள் வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்துக்குப் பேச்சைப் புரிய வைக்கவாம். அதே மாதம் ஆப்பிளின் சிரி பற்றியும் இதே செய்தி கார்டியன் பத்திரிகையில் வந்தது. ஆகஸ்டில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. இதையொட்டிய வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமல், 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள 2025 ஜனவரியில் சம்மதித்தது. குரல் கேட்டு எழுதும் இந்தத் தொழிலாளிகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டையை நாளெல்லாம் காதில் வாங்கிக் கூலி பெறுவதும் ஒரு தோட்ட வேலைதான்.

ஆனால் இதையும் உளவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாமென்று பொட்டிபுரம் பக்கம் கூடிய காலத்திலிருந்து நான் போகிற கூட்டங்களில் முதல் கால் மணி நேரம் போனை எங்கே வைப்பது என்பதிலேயே போகிறது. ஒருவர் அரிசிப் பானைக்குள் போடச் சொல்வார், இன்னொருவர் பேட்டரியைக் கழற்றச் சொல்வார் (இப்போது எந்தப் போனில் கழற்ற முடிகிறது?). 2021-இல் வெளியான பெகாசஸ் விவகாரம் நிஜம். ஆனால் அதற்கு 'ஓகே' சொல்லும் குரல் உதவியாளர் தேவையில்லை, அது கருவியையே கைப்பற்றுகிற மென்பொருள். போனை ஒட்டுக்கேட்க அரசுக்கு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் போதுமானதாக இருந்தது. இப்போது 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. பியூசிஎல் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பும் காகிதத்தில் உண்டு.

தோழர்கள் கவனிக்காமல் விட்டது வேறொன்று. குற்றம் சாட்டப்பட்டவரைக் குரல் மாதிரி தரும்படி மாஜிஸ்திரேட் கட்டாயப்படுத்தலாம் என்று ரித்தேஷ் சின்ஹா வழக்கில் 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தில் அதற்கு இடமில்லாதிருந்தும், சட்டசபை எழுதும்வரை இருக்கட்டும் என்று நீதிமன்றமே அந்த அதிகாரத்தை வழங்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 349-ஆம் பிரிவில் குரல் மாதிரி எழுத்திலேயே வந்துவிட்டது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். குரல் மாதிரி சாட்சியம் அல்ல, வெறும் பொருள் என்கிறது தீர்ப்பு. நாம் என்ன பேசினோம் என்பதிலிருந்து நம் குரல் பிரிக்கப்பட்டு, கைரேகை போல ஒரு பண்டமாகிவிட்டது. போனுக்கு நாம் ஆசையாகப் பதிவுசெய்து கொடுப்பதும் அதே பண்டத்தைத்தான்.

*

எல்லார் குரலும் ஒரே பண்டமும் அல்ல. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தின் பேச்சறி கருவிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 தவறு, கறுப்பினத்தவர் பேச்சில் 35. தமிழில் இப்படி ஒப்பிட்டால் என்ன வரும் என்று ஊகிக்க ஆய்வு வேண்டியதில்லை. அந்த அக்கா 'எம்புட்டு' என்றதைப் போன் புரிந்துகொண்டது தற்செயல். 'அங்கிட்டு' என்றால் பல தடவை மலைக்கும். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு எந்த உதவியாளரின் மொழிப்பட்டியலிலும் இல்லை. நம் ஊரில் வாயைத் திறந்தாலே ஊரும் சாதியும் தெரிந்துவிடும் என்பார்கள். பட்டணத்து வேலைக்குப் போகும் பையன்கள் முதலில் கழற்றி வைப்பது சட்டையை அல்ல, பேச்சை. இப்போது கருவிக்காகவும் கழற்றி வைக்கிறார்கள். 'தெளிவாப் பேசு, அப்பத்தான் அதுக்குப் புரியும்' என்று பேத்தி அப்பத்தாவுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தெளிவு என்பது இங்கே யாருடைய தமிழ்?

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, 145 மாவட்டங்களில் 16,237 பேரிடமிருந்து 22 மொழிகளில் 7,348 மணிநேரப் பேச்சைச் சேகரித்து 2024-இல் வெளியிட்டது. செய்தி வாசிப்பவர் தமிழ் மட்டுமல்லாமல் ஊர்ப்பேச்சும் கருவிக்குப் போய்ச்சேர இதெல்லாம் வேண்டியதுதான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் கருவிக்குப் புரியாதிருப்பது ஒரு இழப்பென்றால், புரிந்துவிடுவது இன்னொரு விதத்தில் பிடிபடுவது. புரியாத பேச்சை ஒட்டுக்கேட்க முடியாது. இரண்டில் எது தேவலை என்று முதுவாக்குடியில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

பணம் இதில் நுழைந்திருக்கிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் குரல்வழிப் பணப்பரிமாற்றம் என்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒன்றைத் தொடங்கியது. பேசியே பணம் அனுப்பலாம் என்று 2023 செப்டம்பரில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 'ஹலோ யுபிஐ' கொண்டுவந்தது, முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும். யாருக்கு, எவ்வளவு என்பதை வாயால் சொல்ல வேண்டும், ரகசிய எண்ணை மட்டும் விரலால் அழுத்த வேண்டும். ரகசியம் எண்ணில் இருக்கிறதாம். கடையில் வரிசையில் நின்றுகொண்டு யாருக்கு எவ்வளவு அனுப்புகிறேன் என்று உரக்கச் சொல்வதில் ரகசியம் எதுவும் போகவில்லையாம். வட்டிக்காரன் பக்கத்தில் நிற்கும்போது மகளுக்கு இருநூறு ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும், இதை வடிவமைத்தவர்.

போடி ஏலக்காய் ஏலத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. முன்பெல்லாம் கூடத்தில் வியாபாரிகள் உட்கார்ந்து வாயால்தான் விலை கேட்பார்கள், சத்தம் தெருவரை வரும். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரி திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார், விலை கேட்க வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆக, காயை வாங்குகிறவருக்குக் குரலிலிருந்து பொத்தானுக்குப் போவது முன்னேற்றம். காயைப் பறிக்கிறவருக்குப் பொத்தானிலிருந்து குரலுக்கு வருவது முன்னேற்றம். இரண்டையும் டிஜிட்டல் இந்தியா என்றே சொல்கிறார்கள். யாருக்கு மௌனம் வாய்க்கிறது, யார் சத்தமாகப் பேசியே ஆகவேண்டும் என்பதில் இருக்கிற அரசியலை நம் தொழில்நுட்ப விமர்சகர்கள் எழுதிப் பார்க்கவில்லை.

எஸ்டிடி பூத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே புழுங்கும். மீட்டர் ஓடுவது நெஞ்சில் ஓடும். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களை நான் போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். எழுத்து தெரியாதவருக்கும் அந்த ஐந்து நிமிஷம் ஒரு கதவு கிடைத்தது. இன்றைக்குக் கையில் போன் இருக்கிறது, கதவு இல்லை. டால்ஃபின் அலைகளும் லேசரும் வந்து அந்த அக்காவைத் தாக்கவில்லை. முன்சீட்டில் இருந்த ஒரு ஜோடி சாதாரண மனிதக் காது போதுமானதாக இருந்தது. கருவி அவருக்கு விசுவாசமாகத்தான் நடந்துகொண்டது. கேட்டதற்குப் பதில் சொன்னது. பாதுகாப்பு ஆய்வாளர்களின் கணக்கில் அங்கே எந்தப் பிழையும் நிகழவில்லை, உரிமையாளரே விளித்தார், உரிமையாளருக்கே பதில் போனது. ஆகவே இந்தச் சம்பவத்துக்கு அவர்களிடம் பெயரும் இல்லை.

*

இந்த வருஷம் தை மாதம் போடியில் ஒரு டீக்கடையில் அவரைத் திரும்பப் பார்த்தேன். ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு ஸ்டோரில் வேலை. தோட்டத்தைவிடக் கூலி கம்மி, ஆனால் ஜீப் ஏற வேண்டியதில்லை என்றார். அந்த நாளைப் பற்றி நானாகப் பேச்செடுக்கவில்லை. அவரே, "அன்னைக்கு ஜீப்புல நீங்க இருந்தீகள்ல" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

போனை விட்டுவிடவில்லை. பேத்தியை உட்கார வைத்து, போனில் இருக்கிற அத்தனை பேருடைய பெயரையும் மாற்றிவிட்டாராம். மனிதர் பெயர் சொன்னால் பாதி நேரம் அதுக்குப் புரியல, காய்கறி பேர் சொன்னா டக்குனு புரியுது, அதனால்தான் என்றார். அப்படிச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தார். பிறகு என்னைத் தாண்டி டீக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, "புடலங்காய்க்குப் போன் போடு" என்றார். மணி அடித்தது. எடுத்த குரல் ஒரு பெண்ணுடையது. கூலி, சனிக்கிழமை, எத்தனை பேர் வருவாங்க என்று துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது.

வைத்த பிறகு, யாருக்கா புடலங்காய் என்று கேட்டேன்.

"புடலங்காதான் தம்பி" என்றார்.